ஆட்டமும் பட்டமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோல்ஃப் ஆடும் பெண்ணுக்குக் கல்லூரி தேர்வது எங்ஙனம் என்பது இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். “குமாஸ்தா வீட்டுக்கும் கோல்ஃபுக்கும் என்ன உறவு?” என்று சிலர் நகைக்கலாம். இவ்விளையாட்டு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1829-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இதற்கெனக் கழகம் தோன்றிவிட்டது. நெடுங்காலம் துரைமாரின் பொழுதுபோக்காய் இருந்த அவ்வாட்டத்தை இன்று நம் காலனிச் சிறுமியர் சிலரும் பயில்கின்றனர். அவர்களுள் சிலர் பத்தாம் வகுப்பை எட்டிவிட்டனர். பெற்றோர்கள் பிராவிடண்டு பண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, “அமெரிக்கக் கல்லூரிகள் உதவிப் பணம் தருகின்றனவாமே, நம்பலாமா?” என்று வினவுகின்றனர். நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றவர். ஆயினும் கட்டண அட்டவணையையும் விதிப் புத்தகத்தையும் வரி விடாமல் படிப்பது நம் தொழில். அப்பழக்கத்தோடு இதனையும் ஆராய்ந்தோம்.

அமெரிக்கக் கல்லூரிகள் பெண்களின் ஆட்டத்துக்குப் பொருள் செலவிடுவதேன்? 1972-இல் இயற்றப்பெற்ற ‘டைட்டில் ஒன்பது’ என்னும் சட்டப் பிரிவு அதற்குப் பெருங்காரணம். மைய அரசின் பணம் பெறும் கல்வி நிலையம் ஆண், பெண் என்று வேற்றுமை பாராட்டலாகாது என்பது அதன் சாரம். கல்லூரி விளையாட்டுக்களை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பு 1982 முதல் மகளிர் கோல்ஃப் சாம்பியன் போட்டியை நடத்தி வருகிறது. அயல்நாட்டுப் பெண்களுக்கும் அங்கே இடமுண்டு. சுவீடனின் அன்னிகா சோரன்ஸ்டாம் அரிசோனாப் பல்கலைக்கழக மாணவியாய் 1991-இல் தனிநபர் பட்டம் வென்றார். மெக்சிகோவின் லொரேனா ஒச்சோவாவும் அங்கே ஆடியவரே.

இனி, கல்லூரிகளின் வகையைக் காண்போம். என்.சி.ஏ.ஏ.வில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதல் இரண்டு பிரிவுக் கல்லூரிகள் ஆட்டத் திறனுக்கென உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவில் அது கிடையாது. எனினும் கல்வித் தகுதியையும் குடும்ப நிலையையும் நோக்கி அவை உதவுவதுண்டு. ஹார்வர்டு, யேல் முதலியன அடங்கிய ஐவி லீக் கல்லூரிகள் முதற்பிரிவில் ஆடினும், ஆட்டத்துக்கென ஒரு காசும் தருவதில்லை. குடும்ப நிலையை நோக்கியே உதவுகின்றன. ஆதலின் மூன்றாம் பிரிவு என்றதும் பழைய மூன்றாம் வகுப்புப் பெட்டியை நினைத்து முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை.

முதற்பிரிவு மகளிர் அணி ஒன்றுக்கு 6 முழு உதவித்தொகை என்பது முன்னைய வரம்பு. அதனையும் பலருக்குப் பகிர்ந்தளிப்பர். 2025-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பின், அதனை ஏற்ற கல்லூரிகளில் அவ்வரம்பு நீங்கி, அணியில் 9 பேருக்கு மேற்படலாகாது என்ற வரம்பு வந்துள்ளது. இதனால் ஒன்பதின்மருக்கும் முழுப் பணம் கிடைக்கும் என்று கொள்ளலாகாது. சரக்கு வண்டியின் மொத்த எடையில் வெற்று வண்டியின் எடையைக் கழித்த பின்னரே சரக்கின் எடை விளங்கும். அதுபோலக் கட்டணம், விடுதி, உணவு, மருத்துவக் காப்பீடு, புத்தகம், விமானச் செலவு ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, உதவித்தொகையைக் கழித்து, நம் கையினின்று செல்வது யாது என்று காண வேண்டும். அதனை நான்கு ஆண்டுக்கும் கணக்கிட வேண்டும். உதவி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதா, நான்காண்டுக்கும் உறுதியா, காயமுற்றால் தொடருமா என்பவற்றை எழுத்தில் பெறுதல் இன்றியமையாதது.

2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர் தம் பெயராலும் படத்தாலும் பணம் ஈட்டலாம் என்பது உண்மையே. ஆனால் மாணவர் விசாவில் செல்வோர்க்கு வேலைக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆதலின் அவ்வரவை நம்பிக் கடன் வாங்கலாகாது.

அடுத்து, பெண்ணுக்கு ஆட வாய்ப்புக் கிட்டுமா என்பது. போட்டிக்கு ஐவர் செல்வர். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நால்வரின் கணக்கே சேரும். புகழ்மிக்க அணியில் ஒன்பதாமவளாய் நான்காண்டு காத்திருப்பதினும், நடுத்தர அணியில் மூன்றாமவளாய் ஆடுவது மேல். அணியினரின் சராசரி எண்ணிக்கையைக் கல்லூரிகளே வெளியிடுகின்றன. அதனோடு நம் பெண்ணின் எண்ணிக்கையை ஒப்பிட்டால் உண்மை புலப்படும்.

வெப்பமான ஊரே கோல்ஃபுக்கு ஏற்றது என்பர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் எட்டு முறை சாம்பியன் ஆனதை நோக்க அது சரியெனத் தோன்றும். ஆனால் 2025-இல் வென்றது சிகாகோ அருகிலுள்ள நார்த்வெஸ்டர்ன். பனி பெய்யும் ஊராயினும் பயிற்சியும் பயிற்றுநரும் நன்றாயின் வெற்றி வரும்.

படிப்பின் நிலையையும் கேட்க வேண்டும். போட்டிக் காலத்தில் பயிற்சி வாரத்துக்கு 20 மணிக்கு மேற்படலாகாது என்பது விதி. ஆயின் போட்டி நாள் ஒன்றை, அது எத்துணை நீண்டதாயினும், 3 மணியாகவே எண்ணுவர். ஒரே நாளில் 36 குழிகள் ஆடும் போட்டிகளும் உண்டு. எத்தனை வகுப்பு நாட்கள் தவறும், ஆய்வுக்கூடப் பாடம் எடுக்க இயலுமா என்பவற்றை அணியில் உள்ள பெண்களிடமே வினவுதல் நன்று.

ஆயத்தம் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. முதற்பிரிவுக்கு அவ்வகுப்பு முதல் 16 அடிப்படைப் பாடங்கள் கணக்கில் வரும். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் பயிற்றுநர் மறுமொழி எழுதுவதற்கு விதி இடந்தராது. ஆதலின் பதில் வரவில்லையே என்று மனம் வாட வேண்டா. நம் பெண்ணே தன் போட்டி விவரங்களுடன் நேரே கடிதம் எழுதலாம். தரகர்க்குப் பணம் கொட்டவேண்டிய கட்டாயமில்லை. பணப் பரிசு ஏற்பதற்கு முன்னும் விதியைப் பார்த்துக்கொள்ளல் நலம்.

கடல் கடந்தாலன்றி உயர்வில்லை என்றும் எண்ணற்க. பெங்களூரின் அதிதி அசோக் கல்லூரி அணி வழியே செல்லாமல் 2016-இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். அவ்வாண்டே ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். 2021-இல் டோக்கியோவில் நான்காம் இடம் பெற்றார். அதற்கு மாறாக ரோஸ் ஜாங் ஸ்டான்ஃபோர்டு மாணவியாய் 2022, 2023 ஆகிய ஈராண்டும் கல்லூரிப் பட்டம் வென்று, தொழில்முறைக்குச் சென்ற பின்னும் படிப்பைத் தொடர்ந்தார். வழிகள் பல. ஆயின் தொழில்முறையில் வாழ்வோர் மிகச் சிலர். மற்றையோர்க்குக் கைகொடுப்பது பட்டமே.

ஆதலின் கல்லூரியை முடிவு செய்யுமுன் ஒரு கேள்வியைப் பெண்ணிடம் கேளுங்கள்: “நாளையே உன் தோள் நோவுற்று ஆட்டம் நின்றுவிட்டால், அக்கல்லூரியில் இருந்து படிக்க விரும்புவாயா?” ஆம் எனின் அனுப்புங்கள். அன்று எனின், உதவித்தொகை எவ்வளவு பெரிதாயினும், வேறு கல்லூரி தேடுங்கள். அவள் விடை கூறும்போது இடைமறியாது கேட்பது பெற்றோரின் கடமை. நான்காண்டு அங்கே வாழப்போகிறவள் அவளே அன்றோ!