லயத்துக்கு வந்த பக்கெட்டும் வராத டிராக்டரும்

(பதுளைப் பகுதித் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு காலத்தில் நம்ம லயத்துல குப்பை என்று தனியாக ஒன்றும் பெரிதாகக் கிடையாது. மரக்கறித் தோலும் சாம்பலும் வீட்டுத் தோட்டத்துக்குப் போகும். கடைச்சாமான் சுற்றிவந்த கடுதாசி அடுப்புக்குப் போகும். 1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. சாமான்கள் குவிந்தன, கூடவே பொலித்தீனும் வந்தது. நம்ம பழக்கம் மட்டும் மாறல்ல. கடுதாசி போன அடுப்புக்குள்ளேயே இப்போ ஷொப்பிங் பேக்கும் போகுது.

கார்த்திகை மழையில விறகு நனைஞ்சு கிடக்கும். "ஒரு பேக்கைப் போட்டாத்தான் பத்தும்" என்பீர்கள். ஆனால் பிளாஸ்டிக் புகை வெறும் விறகுப் புகை அல்ல. சில வகைப் பிளாஸ்டிக் எரியும்போது டயொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. புகை போக வழியில்லாத காம்பராவில் அதைச் சுவாசிப்பது யார்? அடுப்படியில் நிற்கிற அம்மாவும் பக்கத்தில் கிடக்கிற கைப்பிள்ளையும்தான். கவ்வாத்து மிலாறைக் காயவைத்து அடுப்புக்கு மேலே அடுக்கி வையுங்கள். அது நல்லாப் பத்தும்.

சின்னப் பக்கெட் வாங்குறோம் என்று நம்மை ஏசுகிறவர்களும் உண்டு. அன்றாடக் கைக்காசுக்கு வாங்குகிறவர் கிலோக் கணக்கிலா வாங்குவார்? 2021 மார்ச் 31 முதல் மிகச் சிறிய பக்கெட்டுகளை அரசாங்கம் தடை செய்தது. உணவுக்கும் மருந்துக்கும் விலக்குக் கொடுத்தது. அதனால் பால்மா பக்கெட்டும் தூள் பக்கெட்டும் இன்னும் கானுக்குள் கிடக்கின்றன.

அடுப்பிலும் போடாதே, கானிலும் போடாதே என்றால் எங்கேதான் போடுவது? நியாயமான கேள்வி. டவுனுக்கு டிராக்டர் வருது, லயத்துக்கு வருதா? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபை செலவு செய்யத் தடையாக இருந்தது. நாம வாக்குப் போடலாம், சபை நமக்கு ஒன்றும் செய்யக்கூடாது! 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. நம்மில் பலருக்கு இது இன்னும் தெரியாது. இனிமேல் சட்டம் தடுக்குது என்று சபை கைவிரிக்க முடியாது.

லயத்துக்கு ஒரு சாக்குக் கட்டுங்கள். பக்கெட், பேக், போத்தல் எல்லாவற்றையும் கழுவி அதில் சேருங்கள். சாக்கு நிறைந்ததும் தோட்டத் தலைவரும் மாதர் சங்கமும் கையொப்பம் வைத்து, மாசம் ஒரு நாளாவது டிராக்டர் அனுப்பச் சொல்லிச் சபைக்கு எழுதுங்கள். துரைக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பாதை தோட்டத்துடையது அல்லவா? எழுதிக் கொடுக்க, லயத்தில் ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்குமே.