ஏழு வீடு மாறிய பூனை

மைசூரில் அக்ரஹாரம், லட்சுமிபுரம் பக்கம் இன்னும் சில ஓட்டு வீடுகள் மிச்சமிருக்கின்றன. அங்கே பரணில் பூனை எப்போது குட்டி போட்டது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. தாய்ப்பூனை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு மாற்றும் என்பார்கள் பாட்டிமார். ஏழோ மூன்றோ, மாற்றுவது உண்மை. பூனைக்குட்டி மனிதரோடு எளிதில் பழகும் பருவம் ஏறக்குறைய இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான். அந்த நாட்களில் தாய் அதை ஒளித்து வைத்திருக்கும். நம் கண்ணில் படும்போது பெரும்பாலும் அந்தப் பருவம் தாண்டியிருக்கும். அதனால் தெருப்பூனை நம்மைப் பார்த்துச் சீறினால் அது திமிர் அல்ல, பயம்.

அந்தப் பயம் தெளிய முதலில் வேண்டியது நேரம் தவறாமை. வானொலியை நினைத்துப் பாருங்கள். 1935-இல் இதே மைசூரில், மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி.கோபாலசுவாமி தம் வீட்டிலிருந்தே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் முதலில் அந்த நிலையத்துக்கு உரியதாக இருந்தது. குறித்த வேளையில் பழகிய குரல் வந்தால் மனிதர் காது கொடுக்கிறார்கள் அல்லவா? பூனையும் அப்படித்தான். அதே இடம், அதே தட்டு, அதே மணி. வைத்துவிட்டு விலகிப் போய் உட்காருங்கள்.

அது சாப்பிடும்போது காதைப் பாருங்கள். வாய் தட்டில் இருக்கும், காது மட்டும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். ஒரு முன்னங்கால் தரையில் முழுதாக ஊன்றாது. அப்போது எழுந்தால் ஓடிவிடும். காது தளர்ந்து, நான்கு காலும் ஊன்றிய பிறகு கொஞ்சம் கிட்டப் போகலாம். முறைத்துப் பார்க்கக் கூடாது. பூனைக்கு அது சண்டைக்கு அழைப்பு. கண்ணை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால், பழக்கமில்லாதவர் நீட்டும் கையிடம்கூடப் பூனை வரத் தயங்குவது குறைகிறது என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் எழுதினார்கள். அவர்கள் பார்த்தவை வீட்டுப் பூனைகள். தெருப்பூனைக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை தேவை.

பால் வைப்பது நம் எல்லாருடைய வழக்கம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த மீனை முள் நீக்கிச் சோற்றில் பிசைந்து வையுங்கள். பக்கத்தில் தண்ணீர்.

மடியில் வந்து படுக்க வேண்டும் என்று எல்லாப் பூனையிடமும் எதிர்பார்க்காதீர்கள். கருத்தடைக்குக் கொண்டுபோகும் கூண்டுக்குள் பயமில்லாமல் நுழைந்தாலே என் கணக்கில் அது போதிய நம்பிக்கை. பூனையின் சினைக்காலம் இரண்டு மாதத்தைக் கொஞ்சம் தாண்டும். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகவும் செய்யும். கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் போட்டால் அடுத்த வருஷம் தெருவே உங்களிடம் சண்டைக்கு வரும். சில நாள் முன்பிருந்தே கூண்டைத் திறந்து வைத்து, அதற்குள்ளேயே தட்டை வையுங்கள். பழகியதும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகலாம். திரும்பி வந்தபின் கொஞ்ச நாள் உங்கள் பக்கமே வராது. தட்டை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இதற்கிடையே கீறினாலோ கடித்தாலோ மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் பூனையாலும் வரும்.