பேதுருவுக்கும் நீச்சல் தெரியும்

(கடல் ஞாயிறு வானொலி மறையுரை)



ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறைத் தாய்த் திருச்சபை கடல் ஞாயிறாகச் சிறப்பிக்கிறது. கடலில் உழைப்போருக்காகவும் அவர்கள் குடும்பங்களுக்காகவும் இன்று செபிக்கிறோம். செபத்தோடு சேர்த்து இன்று நான் பேச விரும்புவது படகிலிருந்து தவறி விழுவதைப் பற்றி. மறையுரையில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நற்செய்தியிலேயே படகைவிட்டு இறங்கி மூழ்கப்போன ஒருவர் இருக்கிறார். அவர்தான் நம் முதல் திருத்தந்தை.

மத்தேயு நற்செய்தி 14ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். இரவின் நான்காம் காவல் வேளை, அதாவது விடிவதற்கு முந்தைய இருட்டு. எதிர்க்காற்று. பேதுரு தண்ணீரில் நடக்கிறார், காற்றைக் கண்டு அஞ்சுகிறார், மூழ்குகிறார், அலறுகிறார். அவருடைய நம்பிக்கைக் குறைவைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். கடற்கரைக்காரர்கள் அதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இதே பேதுரு, யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில், கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று அறிந்ததும் கடலில் குதிக்கிறார். படகு கரையிலிருந்து சுமார் இருநூறு முழம் தள்ளி இருந்தது. நம் கணக்கில் 90 மீட்டர். ஆகவே அவருக்கு நீச்சல் தெரியும். தெரிந்தவர்தான் அன்றிரவு மூழ்கினார். அவர் பிழைத்தது எதனால்? கை எட்டும் தூரத்தில் இயேசு இருந்தார்.

நம் ஃபைபர் வள்ளத்தில் ஒருவர் விழுந்தால் கை எட்டும் தூரத்தில் யார் இருப்பார்? வள்ளம் மணிக்கு 6 கடல்மைல் வேகத்தில் போனால் ஒரு நொடியில் 3 மீட்டர் தாண்டிவிடும். ஒரு நிமிடம் கழித்து மற்றவர்கள் கவனித்தால் அவர் 185 மீட்டர் பின்னால் கிடப்பார். அலைகளுக்கு நடுவே தெரிவது ஒரு தலை, தேங்காய் அளவு. இரவென்றால் அதுவும் தெரியாது. "எனக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்கிறவர் எந்தக் கரையை நோக்கி நீந்துவார்?

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை யாரும் மறக்கவில்லை. ஆனால் ஒக்கி ஆண்டுதோறும் வருவதில்லை. ஒருவர் தவறி விழுவதற்குப் புயல் தேவையும் இல்லை. ஓடும் வலையின் கயிற்றுச் சுருளுக்குள் ஒரு கால் நின்றால் போதும், வலையோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் கயிற்றை நின்றபடி இழுக்கையில் வள்ளம் சட்டென்று முன்னே பாயும். மீன் செதிலும் வழுவழுப்பும் கிடக்கும் தளத்தில் கால் சறுக்கும். பொழிமுகத்தில் நுழையும்போது பின்னாலிருந்து வரும் அலை வள்ளத்தைப் புரட்டப் பார்க்கும். இவற்றைவிடச் சாதாரணமான ஒன்று உண்டு, வானொலியில் சொல்லத் தயங்க மாட்டேன்: நடு இரவில், மற்றவர்கள் உறங்கும்போது, சிறுநீர் கழிக்கத் தனியாக ஓரத்தில் போய் நிற்பது. ஒரு பழைய வாளி போதும், அந்த ஓரத்துக்குப் போக வேண்டியதே இல்லை. வெட்கத்தால் உயிரை விடுவானேன்? குடித்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர்களைப் பற்றி நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை. தரையிலேயே நிற்காத கால் தளத்தில் நிற்காது.

கல்லறைத் திருநாளன்று ஒரு தாய் என்னிடம் வந்தார். அவர் மகன் விழுந்தது கடல் சாந்தமாக இருந்த ஓர் இரவில். உடல் கிடைக்கவில்லை. "சாமி, எல்லாரும் அவங்கவங்க கல்லறையில மெழுகுதிரி ஏத்துறாங்க. நான் எங்க ஏத்தட்டும்?" என்று கேட்டார். கடற்கரை மணலில் ஏற்றினார். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. துக்கம் ஒருபுறம். மறுபுறம், உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றிதழுக்கே அலைய வேண்டும். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரையே இறந்தவராகக் கருதலாம் என்பது சட்டத்தின் பொது விதி. அதுவரை அந்த வீட்டுப் பெண் விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை.

"அன்னை மரியா காப்பாற்றுவார், சாமி" என்று சிலர் சொல்கிறார்கள். அன்னை காப்பாற்றுவார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கோவில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொன்னது யார் என்பதையும் மறக்கக் கூடாது. திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் வாசியுங்கள். பவுல் சென்ற கப்பலில் 276 பேர் இருந்தார்கள். ஒருவரும் சாகமாட்டார்கள் என்று வானதூதர் வழியாகப் பவுலுக்கு வாக்கு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர்கள் ஆழம் பார்க்கிறார்கள், பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரம் இறக்குகிறார்கள், பாரத்தைக் குறைக்கிறார்கள். கப்பலோட்டிகள் தப்பிக்கப் பார்த்தபோது, அவர்கள் இல்லாவிட்டால் யாரும் பிழைக்க முடியாது என்று எச்சரித்தவர் வாக்கைப் பெற்ற அதே பவுல்தான். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள், மற்றவர்கள் பலகைகளையும் உடைந்த துண்டுகளையும் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். கடவுள் தம் வாக்கைப் பலகை வழியாக நிறைவேற்றினார்.

நமக்குக் கிடைத்திருக்கும் பலகைதான் லைஃப் ஜாக்கெட். சூடாக இருக்கிறது, வலை இழுக்க இடைஞ்சல் என்கிறீர்கள். உண்மைதான், நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் பட்டையாகக் கிடந்து, தண்ணீரில் விழுந்ததும் தானாகக் காற்று நிரம்பும் வகையும் இருக்கிறது. விலை கூடுதல். அது முடியாதவர்கள் குறைந்தது பொழிமுகத்திலும், இரவிலும், வலை இறக்கும்போதும் சாதாரண ஜாக்கெட்டையாவது போடுங்கள். அணியத்தில் சுருட்டி வைத்த ஜாக்கெட் விழுந்தவரோடு விழாது. எஞ்சினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், அவர் விழுந்ததும் எஞ்சின் நின்றுவிடும்.

யாராவது விழுந்துவிட்டால் உரக்கக் கத்துங்கள். மிதக்கும் எதையாவது உடனே எறியுங்கள், ஜி.பி.எஸ்.ஸில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையை நீட்டி அவரையே சுட்டிக்கொண்டிருக்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. வள்ளத்தைத் திருப்பி அருகில் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு, விசிறி இருக்கும் பின்பக்கத்தை விட்டுப் பக்கவாட்டில் ஏற்றுங்கள். விழுந்தவர் பதறி நீந்த வேண்டாம், மல்லாந்து மிதக்கட்டும். கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. வி.எச்.எஃப். இருந்தால் 16ஆம் அலைவரிசை.

தாய்மாரே, நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் வீட்டில் கேட்பார்கள். சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுக்கும்போதே ஜாக்கெட்டையும் கொடுங்கள்.

படகு மந்திரிப்புக்கு ஆண்டுதோறும் வள்ளத்தைக் கழுவி, பூமாலை கட்டி நிறுத்துகிறீர்கள். இந்த ஆண்டு உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு, வள்ளத்தில் போகும் அத்தனை பேரும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நில்லுங்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, பட்டியை உங்கள் உடம்புக்குச் சரிசெய்து போட்டிருக்க வேண்டும். தீர்த்தம் அதன் மேலும் படட்டும்.