பழைய நோயாளியின் ரிக்கார்டும் சந்தைச் சரக்கா?
(மயிலாப்பூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2017 டிசம்பர் 20. ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முதல் நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெயலலிதா அம்மையார் பானம் அருந்தும் வீடியோவை ஒரு கோஷ்டி வெளியிட்டது. அவர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. அவர் அரசியலோடு நமக்கிருந்த சண்டை ஊரறிந்தது. ஆனாலும் கேட்கிறேன்: நோயில் கிடந்த ஒரு பெண்மணியை ஓட்டுக்காகக் கடைவிரிக்க யார் அனுமதி தந்தது? சாவில் சந்தேகமென்றால் விசாரிக்க ஆறுமுகசாமி கமிஷன் இருந்தது, அங்கே கொடுத்திருக்கலாம். ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னார்களே, அதுவும் தேர்தல் விதிக்காகத்தான், இறந்தவருக்காக அல்ல.

போயஸ் தோட்டத்து அம்மையாருக்கே இந்தக் கதி. அடையாறில் வீட்டு வேலை செய்யும் நம் சகோதரிக்கு?

திருப்பூரைப் பாருங்கள். ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டர் நோயாளிகள் ஒன்றரை லட்சம் பேரின் விவரங்கள் விலைக்கு வந்திருப்பதாக 2022 டிசம்பரில் கிளவுட்செக் என்ற கம்பெனி அறிவித்தது. பெயர், பிறந்த தேதி, விலாசம், டாக்டர் பெயர். மாதிரிக்குக் காட்டிய விவரங்கள் 2007 முதல் 2011 வரை வந்துபோனவர்களுடையவை! குணமாகி, ஆஸ்பத்திரியையே மறந்துபோனவர்கள். விலை 100 டாலர். கணக்குப் போட்டால் தலைக்கு ஐந்து பைசா சொச்சம்.

சட்டம் என்ன செய்கிறது? உள்நோயாளி ரிக்கார்டை மூன்றாண்டு வைத்திரு என்கிறது 2002-ம் ஆண்டு டாக்டர்கள் ஒழுங்குவிதி. அதற்குப் பின்? அந்த விதி வாய் திறக்கவில்லை. ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடே மறைந்துவிடுகிறது என்று ஒரு சினிமா வழக்கில் 2021-ல் சென்னை ஹைகோர்ட் சொன்னது. 2023-ம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, சாகுமுன் ஒருவரை நியமித்து வை என்கிறது. கைநாட்டு வைத்துப் படுக்கையில் சேர்ந்தவர் எங்கே நியமிப்பார்? அப்பனுக்கு மனநோய் இருந்ததென்று ஒரு பழைய காகிதம் வெளிவந்தால், மகளின் கல்யாணமல்லவா நின்றுபோகும்!

எல்லாவற்றையும் கொளுத்தச் சொல்லவில்லை. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1982 முதல் சென்னையின் புற்றுநோய்க் கணக்கை எழுதி வருகிறது. இறந்தவர் விவரமும் சேர்ந்தால்தான் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று தெரியும். அந்தக் கணக்கு ஊருக்கு வேண்டும். பெயரும் விலாசமும் ஊருக்கு வேண்டாம்.

ஆகவே கேட்போம். பழைய ரிக்கார்டு எத்தனை வருஷம் இருக்கும், யார் திறந்தார் என்பதை ஆஸ்பத்திரி எழுதி வைக்கட்டும். செத்தவருக்கும் சட்டத்தில் காவல் வேண்டும். விவரம் கசிந்தால் கம்ப்யூட்டர் காண்டிராக்டை யாருக்கோ விட்ட முதலாளி பதில் சொல்லட்டும். ரிக்கார்டு அறைத் தொழிலாளியை மட்டும் பலிகொடுத்துத் தப்ப விடமாட்டோம்.