இலவசமென்றால் யார் காசு கொடுக்கிறார்கள்?



நான் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் சிறு வியாபாரங்களுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பவன். பலசரக்குக் கடைக்காரர், தையல் வேலை செய்பவர், வீட்டிலிருந்து சாப்பாடு செய்து கொடுப்பவர் என்று பலரும் வருவார்கள். "இணையத்தில் இலவசமாகக் கணக்கெழுதும் மென்பொருள் இருக்கிறது, கொப்பியை விட்டுவிட்டு அதற்கு மாறுங்கள்" என்று எல்லோருக்கும் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த மாதமும் சப்பாத்துப் பெட்டி நிறையப் பற்றுச்சீட்டுகளோடு வருவார்கள். புதியது என்றால் இவர்களுக்குப் பயம் என்று மனதுக்குள் சலித்துக்கொள்வேன். அது என் பிழை என்று காட்டியவர் ஓர் அக்கா.

அவர் பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணவீடுகளுக்கு ரோல்ஸ், கட்லற், இடியப்பம் செய்து கொடுப்பவர். நான் இலவச மென்பொருள் பற்றிச் சொன்னதும் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இலவசமெண்டால் அப்ப ஆர் காசு குடுக்கிறது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. "அவங்கள் பெரிய ஆக்கள் அக்கா, இதெல்லாம் அவங்களுக்கு ஒரு காசே" என்று சமாளித்தேன். நானே அவருக்கொரு மின்னஞ்சல் முகவரி திறந்து, பெயரைப் பதிந்து கொடுத்தேன். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது.

பிறகு ஒருநாள் திறந்து பார்த்தால் அந்தச் சேவையே இல்லை. மூடப்போகிறோம், உங்கள் பதிவுகளை இறக்கிக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே அறிவித்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் அறிவித்தல் எல்லாம் ஆங்கிலத்தில், நான் திறந்து கொடுத்த அந்த மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. அக்கா அதை ஒருநாளும் திறந்ததில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து வரவு செலவுக் கணக்கைக் காட்டும்படி வருமானவரிக் கடிதமும் வந்தது.

எங்களைக் காப்பாற்றியது அவருடைய குசினிச் சுவரில் தொங்கிய தமிழ்க் கடைக் கலண்டர். ஒவ்வொரு ஓடரையும் அந்தந்த நாளின் கட்டத்துக்குள் தமிழில் எழுதி வைத்திருந்தார். பழைய கலண்டர்களும் ஒரு சூட்கேசுக்குள், ஊர்க் காணி உறுதியோடும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடும் பத்திரமாக இருந்தன. அவற்றையும் வங்கிக் கணக்குத் தாள்களையும் வைத்துக் கணக்கைத் திரும்ப எழுத எங்களுக்கு ஐந்து சனிக்கிழமை எடுத்தது. சில செலவுகளுக்கு ஆதாரம் காட்ட முடியாமல் அவர் கூடுதல் வரியும் கட்டினார். என்னை ஏசவில்லை. "இடம்பெயரேக்க கையில கொண்டுவந்த கடதாசிதான் தம்பி எங்களுக்கு மிஞ்சினது" என்று மட்டும் சொன்னார்.

நேயர்களே, ஒரு கடதாசி இல்லாததால் காணியையும் படிப்பையும் பிறந்த திகதியையுமே நிரூபிக்க முடியாமல் அலைந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். தன் கணக்கு இன்னொருவர் கையில் இருப்பதை அவர்கள் இலகுவில் ஏற்கமாட்டார்கள். அதை அறியாமை என்று சொல்லக்கூடாது.

அக்காவின் கேள்விக்குப் பிறகுதான் நான் பதில் தேடினேன். இலவச மென்பொருளுக்கான காசு சில வழிகளில் வருகிறது. விளம்பரமும் எங்கள் தகவல்களும் ஒரு வழி. எங்கள் வாடிக்கையாளர் அட்டையில் கட்டும் பணத்தில் எடுக்கும் கழிவு இன்னொரு வழி. இன்று இலவசம், பழகிய பின் கட்டணம் என்பது மூன்றாவது. நான்காவது, முதலீட்டாளரின் பணம். அது முடிந்தால் சேவையும் முடியும்.

உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. வேவ் என்ற இலவசக் கணக்கு மென்பொருள் எங்கள் ரொறன்ரோவில் தொடங்கியதுதான். அட்டைக் கொடுப்பனவுகளிலும் சம்பளப் பட்டியல் சேவையிலும் அது உழைத்தது. 2019இல் எச் அன்ட் ஆர் புளொக் நிறுவனம் அதை ஏறக்குறைய 40 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. 2024இல் கட்டணத் திட்டம் வந்தது. வங்கிப் பதிவுகளைத் தானாக இறக்கும் வசதி அந்தத் திட்டத்துக்குள் போனது.

கூகிள் நிறுவனம் 2006இல் வியாபாரங்களுக்கும் சொந்தப் பெயரில் மின்னஞ்சலை இலவசமாகக் கொடுத்தது. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு அதை நிறுத்தியது. பழையவர்களும் கட்டணத்துக்கு மாறவேண்டும் என்று 2022 ஜனவரியில் அறிவித்தது. எதிர்ப்பு வந்த பின் வீட்டுப் பாவனைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அதே நிறுவனம் சிறு கடைகளுக்கு இலவசமாக அமைத்துக் கொடுத்த இணையப் பக்கங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் வியாபாரி விசிற்றிங் கார்ட்டிலும் கடைப் பலகையிலும் அச்சடித்த முகவரி போய்விட்டது.

அப்படியென்றால் காசு கொடுத்தால் பயமில்லையா? அதுவும் இல்லை. வன்கூவரைச் சேர்ந்த பெஞ்ச் என்ற கணக்குச் சேவை கட்டணம் வாங்கித்தான் நடந்தது. 2024 டிசம்பர் 27ஆம் திகதி திடீரென்று மூடுவதாக அறிவித்தது. சில நாட்களில் வேறொரு நிறுவனம் வாங்கியது. அதுவரை வாடிக்கையாளர் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். மறுபக்கம், நுகாஷ் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். ஆனால் அது உங்கள் சொந்தக் கணினியில் ஓடுகிறது. கணக்குக் கோப்பு உங்கள் வீட்டில் இருக்கிறது. ஆக, இலவசமா கட்டணமா என்பதைவிட, கொப்பி யார் வீட்டில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

எங்கள் ஆட்கள் சீட்டுப் பிடிப்பவரை ஏன் நம்புகிறார்கள்? அவருக்கு அதில் என்ன லாபம் என்று தெரியும். அவருடைய வீடு தெரியும். சீட்டும் முறிவதுண்டு, ஆனால் முறிந்தால் யார் கதவைத் தட்டுவது என்றாவது தெரியும். மென்பொருளிடமும் இதையே எதிர்பார்க்கிறார்கள்.

ஆகவே எந்தச் சேவையில் சேருமுன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இரண்டு, என் கணக்கை முழுதாக இறக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா? மூன்று, பிழைத்தால் பேசுவதற்கு ஓர் ஆள் இருக்கிறாரா?

சேர்ந்த பின், மாத முடிவில் ஒரு பிரதியை இறக்கி வீட்டில் வையுங்கள். பற்றுச்சீட்டுகளையும் எறியாதீர்கள். கனடாவில் பொதுவாக ஒரு வரி ஆண்டு முடிந்து 6 வருடங்களுக்குப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். மென்பொருளை நம்பியிருந்தேன் என்று சொல்லி அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அறிவித்தல் வரும் மின்னஞ்சல் நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியாக இருக்கட்டும். ஆங்கிலம் சிரமமென்றால் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மென்பொருள் செய்யும் எங்கள் இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா அப்பா சந்தேகப்பட்டால் சிரிக்காதீர்கள். அவர்களுடைய கேள்விக்கு முதல் பக்கத்திலேயே பதில் எழுதுங்கள்.

அக்கா இப்போது மாதம் ஒரு சிறு தொகை கட்டி வேறொரு மென்பொருள் பாவிக்கிறார். மாத முடிவில் நான் ஒரு பிரதி அச்செடுத்துக் கொடுக்கிறேன். அது அந்தச் சூட்கேசுக்குள் போகிறது. கலண்டரிலும் எழுதுகிறார். இப்போது அதை நிறுத்தும்படி நான் சொல்வதில்லை.