தோட்ட ஆஸ்பத்திரியும் காப்பீட்டு அட்டையும்

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் உடனே கிட்டும்படியான மருத்துவ வசதியை முதலாளி தோட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்றது அதன் 10-ஆம் பிரிவு. அவர் தவறினால் தலைமை ஆய்வாளரே வசதி செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்க முடிந்தது. கேரளத்தின் மூணாறு, பீருமேடு, நெல்லியாம்பதி மலைகளில் எஸ்டேட் டிஸ்பென்சரிக்குச் சட்டப் பிடிமானமாக இருந்தது இந்தப் பிரிவுதான்.

அங்கே வரும் நோய்கள் பெரும்பாலும் சில்லறை நோய்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு முதுகுவலி, அட்டைக்கடிப் புண், மருந்தடித்த காட்டில் நின்றதால் தலைச்சுற்றல், ரத்தசோகை. வயதானவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம். கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினால் போதும், படுக்கை வேண்டியதில்லை. மருத்துவர் சான்று எழுதித் தந்தால் 32-ஆம் பிரிவின்படி நோய்க்காலப் படியும் கிடைத்தது. ஆகவே டிஸ்பென்சரியைப் பூட்டினால் மருந்தோடு, படுத்த நாளுக்கான காசும் சிக்கலானது. 2000-ஐ ஒட்டிய தேயிலை விலைச் சரிவில் பீருமேட்டில் சில தோட்டங்கள் மூடப்பட்டபோது லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் தங்கிவிட்ட குடும்பங்கள் இதை நேரில் அனுபவித்தன.

இந்தச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தோட்ட முதலாளிக்கு அது இரண்டு வழிகளைத் திறந்துவிடுகிறது. மருத்துவ வசதி செய்வதற்குப் பதிலாகத் தொழிலாளியை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்த்துவிடலாம், வசதிகளை அரசுத் திட்டங்கள் வழியாகவும் செய்து கொடுக்கலாம். நலச்செலவு முழுவதையும் தாங்கிக்கொண்டு உலகச் சந்தையில் விற்க முடியவில்லை என்பது முதலாளிகளின் பழைய வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதற்கான விலையை லயத்துக்காரரிடம் வசூலிப்பது நியாயமாகாது.

இ.எஸ்.ஐ.யை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. நோயுற்றவருக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் தருகிறது, இது தாராளமானது. சந்தாவாக முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். பழைய சட்டத்தில் தொழிலாளி சந்தா கட்ட வேண்டியிருக்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் தூரம். நெல்லியாம்பதியிலிருந்து நெம்மாறைக்கு இறங்க இருப்பது ஒரு மலைப்பாதை. 2018 ஆகஸ்ட் மழையில் அது சரிந்து ஊரே துண்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் மலைக்குக் கீழே உள்ள மருத்துவமனைக்கான அட்டையால் யாருக்கு என்ன பயன்?

அரசுக் காப்பீட்டின் கதை வேறு. 2008-இல் வந்த தேசியத் திட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30,000 ரூபாய் வரை தந்தது. 2018-இன் ஆயுஷ்மான் பாரத் அதை 5 லட்சமாக்கியது. கேரளம் 2019-இல் தன் திட்டங்களையும் அதனுடன் இணைத்து ‘காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி’ என்று நடத்துகிறது. 2020 ஜூலை முதல் காப்பீட்டு நிறுவனத்தை விலக்கி, மாநில முகமையே மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுப்பது நல்ல மாற்றம். இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் இந்த அட்டை பெருந்துணை. எனினும் இது உள்நோயாளிக்கானது. புறநோயாளியாக வரும் முதுகுவலிக்கும் அட்டைக்கடிக்கும் இதில் இடமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வருபவர் நிலை இன்னும் இக்கட்டானது. போடி, தேவாரம், கம்பம் பகுதிப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், மாலையில் இறங்குகிறார்கள். குடும்ப அட்டையும் முதலமைச்சர் காப்பீடும் தேனி மாவட்டத்தில். வேலையும் விபத்தும் மலைக்கு மேலே. தோட்டப் பதிவேட்டில் பெயரில்லாத தினக்கூலியை யார் இ.எஸ்.ஐ.யில் சேர்ப்பார்கள்?

தொழிற்சங்கங்கள் இந்தத் தொகுப்பு உள்ளிட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து 2025 ஜூலை 9 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தன. எதிர்ப்பை வெறும் மறுப்பாக நிறுத்தாமல் விதிகளுக்குள்ளும் கொண்டுபோக இடமிருக்கிறது. தோட்ட வசதிகளுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசிடம் உள்ளது. டிஸ்பென்சரியை மூடாமல் அதன்மேல்தான் காப்பீடு வர வேண்டும், தினக்கூலியின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்ற இரண்டையும் கேரளம் தன் விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும்.