பிரியாவுக்குப் புலி எதற்கு?

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு படக்கதைப் புத்தகமாகும். பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் புத்தகத்துக்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். முன்பு காலக்ஷேபக்காரர் செய்த வேலையை இன்று படக்கதைதான் செய்கிறது. ஆகவே அதை விசாரிக்காமல் விட முடியாது.

புத்தகத்தின் பெயர் "பிரியாஸ் சக்தி". 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையைக் கண்டு தேசமே கொதித்ததல்லவா? அதன் பிறகு ராம் தேவிநேனி என்பவரும் அவர் நண்பர்களும் சேர்ந்து 2014-ல் இதை வெளியிட்டார்கள். பிரியா ஒரு கிராமத்துப் பெண். அவளைச் சிலர் பலாத்காரம் செய்கிறார்கள். வீட்டில் போய்ச் சொன்னால், வீட்டார் அவளையே பழித்துத் துரத்துகிறார்கள். காட்டில் பார்வதியை வேண்டுகிறாள். பார்வதி இரங்குகிறாள், சிவன் கோபிக்கிறார். கடைசியில் பிரியா தைரியம் பெற்று, தன்னைத் துரத்திய புலியின் மேலேயே ஏறி ஊருக்குத் திரும்பி, வெட்கப்படாமல் பேசுங்கள் என்று பெண்களுக்குச் சொல்லுகிறாள்.

இதில் நல்லது இருப்பதை நான் மறைக்கப் போவதில்லை. வெட்கப்பட வேண்டியவன் செய்தவனே ஒழிய, செய்யப்பட்டவள் அல்ல என்று இது துணிந்து சொல்லுகிறது. துரத்தினது தாய் தகப்பன்தான் என்பதையும் பூசி மெழுகாமல் காட்டுகிறது. நம் வீடுகளில் நடப்பது அதுதானே?

ஆனால் குற்றமும் இருக்கிறது. பாவம் செய்தவன் சிலர். சிவனுடைய கோபமோ மனித சாதிக்கே பிள்ளைப் பேறில்லாமல் செய்து விடுகிறது. அடிபட்டவளுக்கும் அதே தண்டனைதானே! இது என்ன நியாயம்? தவிரவும், இரவல் வாங்கின புராணத்தின் யோக்கியதை என்ன? அகலிகையை ஏமாற்றின இந்திரன் தேவராஜனாகவே இருந்தான், ஏமாந்தவள் கல்லானாள். பிரியாவைத் துரத்தின புத்தி எங்கிருந்து வந்ததோ, அங்கேயே போய் மருந்து கேட்பதா?

"நம்புகிற ஜனங்களுக்கு நம்புகிற பாஷையில் சொன்னால்தானே ஏறும்" என்பார்கள். ஏறட்டும். ஆனால் கும்பிட்டும் பார்வதி வராத பெண் என்ன நினைப்பாள்? தன் பக்தியில் குறை என்றுதானே நினைப்பாள்? மறுபடியும் பழி அவள் தலையில்தான்!

புலியில்லாமல் நின்ற பெண்ணும் இருக்கிறார், தோழர்களே! ராஜஸ்தானத்தில் பன்வாரி தேவி என்பவர், குழந்தைக் கலியாணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் பலாத்காரம் செய்யப்பட்டார். அவர் போலீசுக்குப் போனார், கோர்ட்டுக்குப் போனார். 1995-ல் கோர்ட்டு எதிரிகளைப் பலாத்காரக் குற்றத்திலிருந்து விடுதலை செய்தது. எந்தத் தெய்வமும் இறங்கி வரவில்லை. ஆனாலும் அவர் வாய் மூடவில்லை. அவர் வழக்கைக் கண்டு பெண்கள் சங்கங்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1997-ல் விசாகா தீர்ப்பு வந்தது. அதிலிருந்து 2013-ல் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் என்ன சொல்லுகிறது? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் ஒரு புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் பெண்ணாயிருக்க வேண்டும். பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும். நடந்த 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 10 பேருக்குக் குறைந்த பட்டறையானால் ஜில்லாக் குழுவுக்குக் கொடுக்கலாம்.

இந்தச் சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட்டு முடிந்து வரும் தாய்மார்களைக் கேட்கிறேன்: உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் இருப்பவர் யார் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே நாலு பேராய்ச் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஆண் தோழர்களே, நீங்களும் கூடப் போங்கள். வீட்டில் பெண் வந்து சொன்னால், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேளாதீர்கள்.

பிரியாவின் வீட்டார் அந்த ஒரு கேள்வியைக் கேளாதிருந்தால், அவள் காட்டுக்கும் போயிருக்க வேண்டாம்; புலியும் அவளுக்கு வேண்டியிருந்திராது.